வீழ்ந்தவனை எழுப்பாதீர்!

வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில், மூலவைகையை அடுத்து, மயிலாடும்பாறை என்னும் ஊர் உளது. தேனி மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரையும் இதற்கு அண்மையதாகிய கடமலைக்குண்டையும் சூழ்ந்த நிலம் இலவ மரங்களுக்குப் பெயர் பெற்றது. இலவம் பூக்குங்காலத்துத் தேனீக்கள் அம்மரங்களை மொய்த்து நிற்கும். மலைப்பாறைகளின் சரிவிலே பெருந்தேனீக்கள் அடை தொங்கவிடும். மர உச்சிகளிலும் பழைய கட்டடங்களின் இடுக்குகளிலும் கதண்டு கூடு கட்டும். மலையில் வாழும் பளியர் தேனெடுக்கச் செல்வர். தோட்டங்களிற் கூலியாட்கள் காய் பறிக்கச் செல்வர். ஆதலின் கொட்டுப்படுதல் அப்பக்கத்தில் அரிய நிகழ்ச்சி அன்று. பெரும்பாலோர் கடிவாயிற் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு தம் வேலையைத் தொடர்வர். ஆயினும் நூறு பேர் எளிதிற் பொறுத்துக்கொள்ளும் ஒரு கொட்டினால் ஒருவர் மட்டும் சிறிது நேரத்தில் உயிர் துறத்தலும் உண்டு. அஃது ஏன்? அவ்வேளை அருகில் நிற்போர் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறி, அவ்விடையின்மேல் என் கருத்தையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு உடல்நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். இச்செய்தியில் ஒரு சொல்லின் பிழை ஓர் உயிரின் இழப்பாக முடிகின்றது என்பதைப் பின்னர்க் காட்டுவேன். சொல்லைப் பற்றிப் பேசத் தமிழ் மாணாக்கர்க்கு உரிமை உண்டு அன்றோ?

முதற்கண் ஒரு வேற்றுமையை மனத்திற்கொள்ளல் வேண்டும். பெருந்தேனீக் கூட்டம் கலைந்து ஒருவரை நூற்றுக்கணக்கான இடங்களிற் கொட்டுமாயின், அந்நஞ்சின் அளவே சிறுநீரகத்தையும் தசையையும் கெடுத்து உயிர்க்கு ஊறு செய்யும். அது நஞ்சின் வேலை. யாம் ஈண்டு ஆராய்வது அதுவன்று. ஒரே கொட்டு, ஊசிமுனை அளவு நஞ்சு, ஆயினும் உடல் முழுவதும் தடிப்பு, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம், மரணம். இது நஞ்சின் வலிமையால் விளைவதன்று. அந்நஞ்சை எதிர்க்கப் புகுந்த நம் உடலின் மிகையான சீற்றத்தால் விளைவது. இதனையே ஒவ்வாமை என்பர்.

இவ்வுண்மை முதன்முதல் வெளிப்பட்ட வரலாறு சுவையுடையது. 1901ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அறிஞர் சார்லஸ் ரிஷே என்பாரும் பால் போர்த்தியே என்பாரும் மொனாக்கோ நாட்டு மன்னரின் கப்பலிற் சென்று, கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பின்னர்ப் பாரிசு நகரில் கடற்சாமந்தி என்னும் உயிரின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்தினர். முதல் ஊசியைத் தாங்கிய நாய் இரண்டாவது ஊசியை இன்னும் எளிதாகத் தாங்கும் என எதிர்பார்த்தனர். நெப்டியூன் என்னும் நாய் முதல் ஊசியை நன்கு தாங்கியது. சில வாரங்கழித்து அதனினும் நஞ்சு மிகாத ஊசி செலுத்தப்பட்ட அளவில் மூச்சுத் திணறி விழுந்து, அரைமணிக்குள் மாண்டது. காப்பு வரவேண்டிய இடத்திற் கேடு வந்தமையால், காப்பிற்கு எதிரானது என்னும் பொருள்பட இந்நிகழ்ச்சிக்கு அனபிலாக்சிஸ் என 1902ஆம் ஆண்டு பெயரிட்டனர். இவ்வாராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. முன்னொரு முறை கதண்டு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை, இம்முறை மட்டும் ஏன் இவ்வாறாயிற்று என நம் ஊரார் வியப்பதற்கு விடை அந்நாயின் வரலாற்றிலேயே அடங்கியுளது. முதற் கொட்டு உடலுக்கு அடையாளம் கற்பிக்கின்றது. பிற்பட்ட கொட்டிற் சீற்றம் எழுகின்றது.

இனி அச்சீற்றத்தின்கண் உடலுள் நிகழ்வதைக் காண்போம். நம் பக்கத்தார் அனைவரும் அறிந்த கண்மாயையே உவமையாகக் கொள்வேன். கண்மாயில் நீர் போதிய உயரத்தில் நின்றால்தான் கடைமடை வயலுக்கும் நீர் ஏறும். உடலில் இரத்த அழுத்தம் என்பது அத்தகையது. அவ்வழுத்தம் உளதாயின்தான், இதயத்திற்கு மேலே இருக்கும் மூளைக்கு இரத்தம் ஏறும். ஒவ்வாமை எழுங்கால், தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் காவல் நிற்கும் மாஸ்ட் செல்கள் என்னும் நுண்ணறைகள் ஒருங்கே வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. அவற்றால் இருவகைக் கேடுகள் உண்டாகின்றன. சிறு இரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரே வேளையில் விரிகின்றன. இது கண்மாயின் எல்லா மடைகளையும் ஒருங்கே திறந்துவிட்டதை ஒக்கும். அன்றியும், குழாய்களின் சுவர் கசிந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி தசைகளுள் இறங்குகின்றது. இது கரையே உடைந்ததை ஒக்கும். மிகக் கடுமையான நிலையில், குழாய்களுள் ஓடும் நீர்மத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேலும் பத்தே நிமிடங்களில் வெளியேறிவிடக் கூடும் என மருத்துவர் கண்டுளர். வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், உள்ளுக்குள்ளேயே பெருங்குருதி இழப்பு நேர்கின்றது எனலாம்.

கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருத்தல் போல உடலுக்கும் ஒரு நீர்பாய்ச்சி உண்டு. அதுவே நரம்பு மண்டலம். கழுத்தின் இருமருங்கும் மூளைக்குச் செல்லும் தமனிகளிலும், இதயத்தினின்று எழும் பெருந்தமனியின் வளைவிலும், அழுத்தத்தை அளக்கும் உணர்முனைகள் அமைந்துள. கழுத்துத் தமனியில் உள்ளவற்றின் இயல்பை ஹேரிங் என்னும் அறிஞர் 1920களில் விளக்கினார். இதயத்தின் மேலறைகளில் இரத்தம் எவ்வளவு நிறைந்துளது என்பதை அறியும் உணர்முனைகளை நம் நாட்டு அறிஞர் ஏ. எஸ். பெயின்டல் 1950களில் ஒவ்வொரு நரம்பிழையாகப் பிரித்தாராய்ந்து காட்டினார். இம்முனைகளின் செய்தி இடையறாது முகுளம் என்னும் மூளையின் அடிப்பகுதிக்குச் செல்கின்றது. அழுத்தம் குறைந்தது என்னும் செய்தி சென்ற இரண்டொரு நொடிகளில் முகுளம் ஆணையிடுகின்றது: இதயம் விரைந்து துடிக்கும், குழாய்கள் சுருங்கும், கால்களிலும் வயிற்றிலும் தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படும், சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பி அட்ரினலினை இரத்தத்திற் கலக்கும். நாம் படுக்கையினின்று எழுந்து நிற்கும் ஒவ்வொரு காலையிலும் இவ்வேலை நாம் அறியாமலே நடைபெறுகின்றது. அது நடைபெறாவிடின் எழுந்த அளவில் மயங்கி விழுவோம்.

ஒவ்வாமையின் தொடக்கத்திலும் இந்நீர்பாய்ச்சி தன் கடமையைச் செய்யாமல் இல்லை. நாடி படபடவென அடிப்பது அதன் அடையாளம். ஆயினும் மடைகள் எல்லாம் திறந்து கரையும் உடைந்த கண்மாயில் ஒரு நீர்பாய்ச்சி என் செய்வான்? சுருங்குக என நரம்பு கூறும் அதே குழாயை ஹிஸ்டமின் விரிக்கின்றது. தன்பால் உள்ள வலிமை அனைத்தையும் நரம்பு மண்டலம் செலவிட்டு, ஒருவாறு அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து நிற்கின்றது. சிலரிடம் அதுவும் கைவிட்டு, விரைய வேண்டிய நாடி திடீரெனத் தளர்தலும் உண்டு.

நரம்பே சில வேளை பகைக்குத் துணைபோகின்றது என்பதற்கும் இப்போது சான்று கிடைத்துளது. அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தார் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மாஸ்ட் செல்கள் வெளிவிடும் கைமேஸ் என்னும் பொருள் வெப்பத்தை உணரும் நரம்புகளைத் தூண்டுதலை எலிகளிடம் கண்டனர். உடல் சூடேறிவிட்டது எனப் பொய்ச்செய்தி மூளைக்குச் செல்கின்றது, மூளையும் அதனை நம்பி, உடலில் வெப்பம் ஆக்கும் வேலையை நிறுத்திவிடுகின்றது, உடல் சில்லிடுகின்றது. அந்நரம்பின் செய்தியைத் தடுத்த எலிகளில் உடல் அவ்வளவு குளிரவில்லை. மனிதரிடத்தும் இஃது இவ்வாறே நிகழ்கின்றதா என்பதை இனித்தான் ஆராய்தல் வேண்டும். எனினும் ஒவ்வாமை தோலளவில் நிற்பதன்று, நரம்பையும் மூளையையும் தன்னுள் இழுப்பது என்பது இதனால் தெளிவாகின்றது.

இதுகாறும் கூறியவற்றினின்று என் முதற் கருத்து தானே பிறக்கின்றது. அழுத்தம் வீழ்ந்து கிடப்பவரை எழுப்பி உட்காரவைத்தலும் நிறுத்தலும் நடத்துதலும் உயிர்க்கு இறுதியாகக் கூடும். நிற்குங்கால் இரத்தத்தின் ஒரு பகுதி கால்களை நோக்கி இறங்கும். நலமுற்ற நாளில் நரம்பு மண்டலம் அதனை ஈடுசெய்யும். தன் வலிமை முழுவதையும் முன்னரே செலவிட்டுவிட்ட நரம்பு மண்டலம் எதனைக் கொண்டு ஈடுசெய்யும்? இதயத்திற்கு மீளும் இரத்தம் அற்றுப்போக, வெற்றறையையே இதயம் பிழிகின்றது. பிரிட்டன் நாட்டு மருத்துவர் பம்ஃப்ரி என்பார், மருத்துவமனைக்கு வெளியே ஒவ்வாமையால் இறந்தோரின் வரலாறுகளை ஆராய்ந்து, படுத்திருந்தோரை எழுப்பி உட்காரவைத்த அல்லது நிறுத்திய சில நொடிகளிலேயே உயிர் பிரிந்தமையை 2003ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார்.

நம் பக்கத்து வழக்கமோ இதற்கு நேர் மாறானது. ஒருவர் மயங்கினால் உடனே கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைப்போம். முகத்தில் நீர் தெளிப்போம். குடிக்க நீர் கொடுப்போம். பின்னர் இருசக்கர வண்டியின் நடுவில் அவரை அமர்த்தி, பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ள, மேடும் பள்ளமுமான தோட்டத்துப் பாதையில் விரைவோம். எங்கள் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் இலவங்காய் அடிக்க மரமேறியவரைக் கதண்டு கொட்டியபோது இவ்வாறே செய்தனர். மரத்தடியிற் படுத்தவாறு, தமக்குத் தொண்டை அடைக்கின்றது எனத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அவர், வண்டியில் ஏற்றிய சிறிது தொலைவிலேயே பின்னிருந்தவரின் தோளிற் சாய்ந்தார், மீளவில்லை. அவரை ஏற்றிச் சென்றவர்களின் அன்பிலோ விரைவிலோ யான் குறை காணேன். ஊரில் உள்ள எவரும் அதனையே செய்திருப்பர். அதனாற்றான் இதனை எழுதுகின்றேன். ஒருவர் செய்த பிழையாயின் அவரோடு ஒழியும், ஊரார் அனைவரின் வழக்கமாயின் மாற்றினாலன்றி ஒழியாது.

அவ்வழக்கத்தின் வேர் எங்கே உளது என எண்ணியபோதுதான் நான் முன்னர்க் கூறிய சொற்பிழை புலப்பட்டது. இந்நிலையைத் தமிழில் ஒவ்வாமை அதிர்ச்சி என எழுதுகின்றனர். அதிர்ச்சி என்னும் சொல் நம் மக்களின் செவியில் அச்சத்தையும் மனக்கலக்கத்தையுமே குறிக்கும். கதண்டு கொட்டிய அச்சத்தில் மயங்கிவிட்டான் என்றே சுற்றி நிற்போர் கருதுவர். அஞ்சியவனுக்கு வேண்டுவது தேறுதலும் தண்ணீரும் அன்றோ? ஆதலின் எழுப்பி உட்காரவைத்துத் தேற்றுகின்றனர். ஆங்கிலத்தில் மருத்துவர் வழங்கும் ஷாக் என்னும் சொல் இரத்த ஓட்டத்தின் தளர்ச்சியைக் குறிப்பது. அதனை மொழிபெயர்த்தோர் அதன் உலக வழக்குப் பொருளையே மொழிபெயர்த்துவிட்டனர். மற்றொரு புறம், வெறும் ஒவ்வாமை என்றாலோ, கத்தரிக்காய் தின்று அரிப்பெடுத்ததையும் அச்சொல்லே குறிக்கின்றது. கொல்லும் நோய்க்கும் சொறியும் நோய்க்கும் ஒரே பெயர் இருத்தல் நன்றன்று. ஆதலின் இதனை ஒவ்வாமை வீழ்ச்சி என வழங்கலாம் என்பது என் கருத்து. வீழ்ந்தது அழுத்தம் என்பதை அச்சொல்லே உணர்த்தும். அழுத்தம் வீழ்ந்தவனைக் கிடத்த வேண்டும் என்பதும் அதனோடு நினைவிற்கு வரும். இதனினும் சிறந்த சொல்லைப் புலவர் எவரேனும் தருவாராயின் மகிழ்ந்து ஏற்பேன்.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவேன். கொட்டுண்டவர்க்கு உடலெங்கும் தடிப்போ, குரல் கம்மலோ, மூச்சுத் திணறலோ, வாந்தியோ, தலைசுற்றலோ தோன்றுமாயின், அவ்விடத்திலேயே மல்லாந்து படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சுவிட இயலாமல் தவிப்பவர் காலை நீட்டியவாறு சாய்ந்திருக்கலாம். நிற்றலும் நடத்தலும் கூடா. வாந்தி எடுப்பவரையும் நினைவிழந்தவரையும் கருவுற்றவரையும் இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துக. தேனீயின் கொடுக்கு தோலில் தங்கியிருப்பின் விரைந்து நீக்குக. 108 எண்ணுக்கு அழைத்து, படுத்த நிலையிலேயே கொண்டு செல்க. இருசக்கர வண்டி வேண்டா. சுமையேற்றும் சிறு வண்டியின் பின்தட்டிற் கிடத்திச் செல்லினும் அதனினும் நன்று.

ஆயினும் படுக்கவைத்தல் காலத்தை நீட்டித் தருமேயன்றி நோயைத் தீர்க்காது. தீர்க்கும் மருந்து அட்ரினலின் ஒன்றே. ஜப்பானிய அறிஞர் தக்காமினே 1901ஆம் ஆண்டு பிரித்தெடுத்த அப்பொருள், நம் நரம்பு மண்டலம் தானே சுரப்பித்து அனுப்பும் தூதன் அன்றி வேறன்று. தோற்கும் நிலையிலுள்ள படைக்கு அதன் படையினரையே மேலும் அனுப்பி உதவுதலை இம்மருத்துவம் ஒக்கும். தொடையின் வெளிப்புறத் தசையில் அதனைச் செலுத்திய சில நிமிடங்களிற் குழாய்கள் சுருங்கும்; இதயம் வலுப்பெறும்; மூச்சுக்குழல் விரியும்; மாஸ்ட் செல்களின் சீற்றமும் தணியும். ஆனாற் காலம் குறுகியது. பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை இவ்வாறு இறந்தோரை ஆராய்ந்தபோது, பூச்சி கொட்டியவர்களின் இதயம் நின்றுபோன காலத்தின் நடு அளவு 15 நிமிடமாக இருந்தது. தேனி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி க. விலக்கில் இயங்கி வருகின்றது. அங்கே எல்லா வசதியும் உண்டு. ஆனால் வருசநாட்டு மலைச்சரிவினின்று 15 நிமிடத்தில் அங்கே செல்ல எவராலும் இயலாது. ஆதலின் மருந்து நோயாளியை நோக்கிச் செல்லல் வேண்டும்.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் அனைவரும் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்குமாறு பணிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அவ்வமர்வு இவ்வீழ்ச்சியை எதிர்பார்த்தே வகுக்கப்பட்டது. தடுப்பூசி போடும் கிராமச் செவிலியரிடம் அட்ரினலின் அடங்கிய சிறு பெட்டி இருக்கின்றது. தடுப்பூசியால் ஒருவர்க்கு இவ்வீழ்ச்சி நேரின், மருத்துவர் வருமுன் ஒருமுறை அதனைச் செலுத்தவும் அவர்க்கு நெறிமுறை வகுக்கப்பட்டுளது. என் கேள்வி இதுவே: தடுப்பூசி நாளிற் குழந்தையைக் காக்கும் அப்பெட்டி, கதண்டு கொட்டிய நாளில் அக்குழந்தையின் தந்தையைக் காத்தல் ஆகாதா? நோய் ஒன்றே, மருந்து ஒன்றே, செலுத்துங் கையும் ஒன்றே. காரணம் மட்டும் வேறு. மலையடிவாரத் துணை நிலையங்கள் அனைத்திலும் அம்மருந்தை எல்லா நாளும் வைத்து, எக்காரணத்தால் வீழ்ச்சி நேரினும் செவிலியர் செலுத்தலாம் என விதி செய்தல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். வலிய மருந்தை மருத்துவர் அல்லாதார் கையிற் கொடுத்தல் தகுமா என்பர். தசையில் உரிய அளவிற் செலுத்துங்கால் விளையும் படபடப்பும் நடுக்கமும் விரைவில் நீங்குவன. பெருந்தீங்கு பெரும்பாலும் இரத்தக் குழாயில் நேரே செலுத்துவதாலும் அளவு மிகுவதாலும் வருவது. அதனைத் தவிர்க்கவே பயிற்சி. மருந்து வெயிலிற் கெட்டுவிடும் என்பர். உண்மையே, நிழலில் வைத்துக் காலம் கடந்ததை மாற்றுதல் வேண்டும். தடுப்பூசியையே குளிரிற் காத்து மலைமேற் கொண்டு செல்லும் நம் செவிலியர்க்கு இஃது ஒரு பெருஞ்சுமை ஆகாது. செலவு மிகும் என்றால், அது மருந்துகளுள் மிகக் குறைந்த விலையுடையவற்றுள் ஒன்று.

மற்றொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அழுத்தம் மிகுதலின் தீமையைப் பாட்டிமாரும் அறிந்துகொண்டனர். அழுத்தம் திடீரென வீழ்தலின் தீமையையும் அதே பணியாளர் அதே திண்ணையில் அமர்ந்து கூறலாம் அன்றோ? அம்மாத்திரைகளுள் பீட்டா தடுப்பான் என்னும் வகை, அட்ரினலினின் வேலையை ஓரளவு மறிக்க வல்லது. அதனை உண்போர் தாமாக நிறுத்துதல் கூடாது. ஆனால் முன்னொரு கால் கொட்டுண்டு உடல் தடித்தவராயின், அதனைத் தம் மருத்துவரிடம் தவறாமற் கூறுதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுவோனையும் ஒரு கூறாக வைத்தார். வருசநாட்டுத் தோட்டத்தில் மருத்துவர் இலர்; மருந்தும் இன்று இல்லை; உடனிருப்போர் மட்டும் எப்போதும் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் தோட்டத்து ஆட்களிடத்தும், ஊர்ப்பள்ளியின் பிள்ளைகளிடத்தும், வண்டி ஓட்டும் இளைஞரிடத்தும் ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: கொட்டுண்டு மயங்கியவரைப் படுக்க வையுங்கள், எழுப்பாதீர்கள். நம் ஊர் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து, எம் துணை நிலையத்தில் அட்ரினலின் எல்லா நாளும் உண்டா எனக் கேளுங்கள். அடுத்த இலவங்காய்ப் பருவத்திற்குள் இவ்விரண்டும் நிறைவேறுமாயின், ஒரு குடும்பமேனும் தன் தலைவனை இழவாது காக்கப்படும்.